பின்சீட்டின் நடுவில்

ஹாலில் நாற்காலிகள் ஐந்து கிடந்தன. நான்குதான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நாளாகவே பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுத்தான். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும். பின்னால் இரண்டு, ஐந்து வயது மங்கைக்கும் அவளுடைய தம்பி ஹரிக்கும். அதுதான் கார். அந்தமானில், போர்ட் பிளேரின் கராச்சர்மாவில் ஒரு வாடகை வீட்டு ஹாலுக்குள் நின்றபடியே அந்தக் கார் இலங்கை முழுக்கச் சுற்றி வரும். நீர்கொழும்பில் மீன் சாப்பிடும், சிகிரியாவில் பாறை ஏறும், கண்டியில் யானை பார்க்கும், நுவரெலியாவில் குளிருக்கு நடுங்கும், காலியில் கடலில் இறங்கிக் குளிக்கும். டிசம்பர் லீவில் உண்மையாகவே போகப்போகிற பயணம் அது. சென்னை வரை விமானம், அங்கிருந்து கொழும்பு, அப்புறம் வாடகைக் காரில் ஊர் ஊராக. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு வந்தால் எங்கே நிறுத்துவது என்பதுவரை தேவேந்திரன் திட்டம் போட்டு வைத்திருந்தான். கான்ட்ராக்ட் வேலையில்கூட அவன் இவ்வளவு சிரத்தை காட்டியதில்லை. மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று வைஜெயந்தியும் டிரைவிங் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள்.

இன்று பின்னால் இருந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு மர நாற்காலி. சமையலறைப் பரண்மேல் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது அது. இறக்க வேண்டுமென்றால் வைஜெயந்திக்கே ஸ்டூல் வேண்டும்.

“இதை யாருடி எடுத்துக் குடுத்தா?”

“ஆன்ட்டி.” மங்கை சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“எந்த ஆன்ட்டி?”

“ஹட்டன்ல நிறுத்தணும்னு சொன்னாங்கல்ல, அந்த ஆன்ட்டி.”

ஹட்டன் இலங்கைத் தேயிலை மலையில் இருக்கும் ஊர், அவர்கள் திட்டத்திலேயே இல்லாதது. அந்தப் பேரை வீட்டில் யாரும் சொன்னதாக வைஜெயந்திக்கு நினைவில்லை. நாற்காலியை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். பலகை ஈரமாக இருந்தது. தண்ணீர் சிந்திய ஈரம் இல்லை. விரலில் லேசாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். பால் திரிந்து நாள்பட்டுப்போனது போலப் புளித்த வாடை, அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பின் வாடை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தேவேந்திரன் மகள் சொன்னதைக் கேட்டுவிட்டான். நாற்காலியைப் பார்த்தான். “ரப்பர் பால் நாத்தம்,” என்றான், யாரிடமோ சொல்வது போல. அப்புறம் போய் டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினான்.

அது அவனுக்குப் பழக்கம். பிள்ளை அழுதால் சத்தத்தைக் கூட்டுவான். வைஜெயந்தி எதையாவது கேட்டால் கூட்டுவான். ஹரி வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் ஏதோ சண்டையில் அவளைப் பிடித்துத் தள்ளினான். பீரோ கைப்பிடியைப் பற்றிக்கொண்டதால் தப்பித்தாள். அன்றைக்கும் அவள் அழுது ஓயும்வரை டிவிதான் அலறிக்கொண்டிருந்தது. அதை அவள் புரோத்ராபூரில் இருக்கும் தன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நெஞ்சு எரியும்.

அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி ஜெயலட்சுமி, வடக்கே ரங்கத்தில் அவன் கான்ட்ராக்ட் வேலை எடுத்திருந்த காலத்தில், பிரசவத்துக்குப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டாள் என்பது பெண் கேட்டு வந்தபோது சொன்ன கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பமாம். சுனாமி அந்தக் குடும்பத்தில் அவளை மட்டும்தான் மிச்சம் வைத்தது. செத்தபோது ஏன், எப்படி என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. அவனைத் தனியாக நிற்கிறவன் என்று பார்த்து வைஜெயந்தி பாவப்பட்டாள். பாவப்பட்டுத்தான் கழுத்தை நீட்டினாள்.

இலங்கைப் பயணத்துக்கு ஒரே ஒரு கவலைதான் பாக்கி இருந்தது. பிள்ளைகள் காரில் நீண்ட தூரம் உட்கார்ந்ததே இல்லை. இந்த ஊரில் எங்கே புறப்பட்டாலும் அரை மணி நேரத்தில் கடல் வந்துவிடும். மின்னி பே வரை போவதற்குள்ளேயே ஹரி வாந்தி எடுப்பான். அவன் நுவரெலியா மலையை எப்படித் தாங்குவான்?

“ஒரு தடவை பாராடாங் தீவு வரைக்கும் ஓட்டிப் பாத்துருவோம். சண்டே காலையில போயிட்டு சாயங்காலம் வந்துரலாம். எங்க குமட்டுது, எங்க அழறான்னு தெரிஞ்சா அங்க போய் முழிக்க வேண்டாம்ல?” என்றாள்.

“அந்த ரோடு வேண்டாம்.”

“இங்க வேற எந்த ரோடு இருக்கு? சொல்லுங்க, அதுல போவோம்.”

தீவில் நீளமான சாலை அது ஒன்றுதான், ரங்கத்துக்குப் போவதும் அதுதான். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதைவிடப் போய்விட்டு வருவது அவனுக்கு லேசாகப் பட்டிருக்க வேண்டும்.

*

அந்தச் சாலை ஜராவா மக்களின் காட்டுக்குள் போகிறது. அவர்களை அவர்கள் பாட்டுக்கு இருக்க விட வேண்டும் என்பதால் வண்டிகள் எல்லாம் ஜிர்கடாங் செக்போஸ்டில் ஒன்றுசேர்ந்து, குறித்த நேரத்துக்கு, முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். கண்ணாடியை இறக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. நடுவில் நிறுத்தவே கூடாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. மங்கைகூட ஏறியதும், “இனிமே நோ ஸ்டாப், ஓகேவா?” என்று தம்பியை மிரட்டினாள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. மிடில் ஸ்ட்ரெயிட் துறையில் படகு ஏறி அக்கரை போய், சேற்று எரிமலை பார்த்து, பூரி சாப்பிட்டுத் திரும்பினார்கள். ஹரி வாந்தி எடுக்கவில்லை. இலங்கைக்குத் தேறிவிட்டான் என்று வைஜெயந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பும் கடைசி கான்வாயில் அவர்கள் வண்டிதான் கடைசி. அதற்குப் பின்னால் போலீஸ் வண்டி மட்டும். புறப்பட்டதுமே மழை பிடித்துக்கொண்டது. தீவில் பொழுது சீக்கிரம் சாயும். மழையும் சேர்ந்தால் மூன்று மணிக்கே காட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கி நின்றன. அவற்றின் உச்சியில் விழுந்த மழை கிளை கிளையாக இறங்கி, கடைசியில் பெரிய பெரிய சொட்டுகளாகக் காரின் தகரக் கூரைமேல் டொக் டொக் என்று, யாரோ கூப்பிட்டுத் தட்டுவது போல விழுந்தது. வைப்பர் இழுத்துக்கொண்டே இருந்தது. முன்வண்டியின் சிவப்பு விளக்கு கலங்கித் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தும் அந்தப் புளித்த வாடை உள்ளே வந்தது. பழைய வண்டி, எங்காவது ஒழுகும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இந்த வண்டியை விற்காமல் வைத்திருக்கிறவன் பின்சீட்டு உறையை மட்டும் ஏன் வருஷத்துக்கு வருஷம் மாற்றுகிறான் என்று இதுவரை அவள் யோசித்ததில்லை.

“அப்பா, நிறுத்தணுமாம்,” என்றாள் மங்கை பின்னாலிருந்து.

“கான்வாய்ல நிறுத்தக் கூடாதுடா.”

“வயிறு வலிக்குதாம்.”

“ஹரிக்கா?” என்று கேட்டாள் வைஜெயந்தி.

“ஹரி தூங்கிட்டான். ஆன்ட்டிக்கு.”

தேவேந்திரனின் கை பாட்டுப் பெட்டிக்குப் போனது. ஏதோ குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினான்.

வைஜெயந்தி திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஓரத்திலும் பிள்ளைகளின் இருக்கைகள், பெல்ட்டெல்லாம் சரியாக மாட்டித்தான் இருந்தது. நடுவில் ஆள் உட்காரும் அளவுக்கு இடம். ஹரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலை நடுப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிற பிள்ளையின் தலை தொங்கிப்போக வேண்டும், வண்டி குலுங்கும்போது ஆட வேண்டும். அவன் தலை தொங்கவில்லை, ஆடவில்லை. அந்தரத்தில், ஒரு தோள் இருக்க வேண்டிய உயரத்தில், கன்னம் லேசாக நசுங்கி, சுகமாகச் சாய்ந்திருந்தது.

ஹரியின் நெற்றியில் கிடந்த முடி மெதுவாக ஒதுங்கியது. ஒரு தரம். இன்னொரு தரம். யாரோ கோதிவிடுகிறார்கள். நடுச் சீட்டின் உறையில் ஓர் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. கறுப்பாக. நிதானமாக.

“அப்பா, பாட்டைக் குறைங்கப்பா. அவங்க பேசறது கேக்கல. அன்னிக்கும் இப்படித்தான் வச்சீங்களாம்.”

“வாயை மூடு!”

“நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினாங்களாம். ரத்தம் நிறைய வந்துச்சாம். நீங்க ஹார்ன் அடிச்சு லைட்டைப் போட்டிருந்தா போலீஸ் அங்கிள் வந்திருப்பாராமே. ஏன் அடிக்கல?”

தேவேந்திரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மகளை அல்ல. நடுவில் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

“நான் வேணும்னு தள்ளலைடி,” என்றான். அப்படி ஒரு குரலை வைஜெயந்தி அவனிடம் கேட்டதே இல்லை. “படியில நீ உருளுவேன்னு நான் கண்டேனா? போலீஸ்காரன் பாத்தா கேப்பான்ல? உன் உடம்புல இருந்த காயத்துக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது? ஆஸ்பத்திரி போயிரலாம்னுதானே ஓட்டினேன். நீதான் அதுக்குள்ள…”

பாதியில் நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் வைஜெயந்தி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலத் திரும்பினான்.

அவளுக்குப் பயம் இருந்தது. அதையும் மீறிக்கொண்டு ஒன்று மேலே வந்தது. பீரோ கைப்பிடி உள்ளங்கையில் அழுந்திய வலி, அத்தனை வருஷமும் விழுங்கி வைத்திருந்த கோபம். அந்தக் கைப்பிடி மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பின்சீட்டில் படுத்துக் கிடந்திருப்பவள் நான்தானே என்று நினைத்தாள். கேட்க ஆளில்லாத ஒருத்தியைக் கொன்றுவிட்டு, இலங்கையில் எங்கெங்கே நிறுத்தலாம் என்று திட்டம் போட்டிருக்கிறான், பாவி.

வாடை மூச்சை அடைத்தது. முன்வண்டியின் சிவப்பு விளக்கு இல்லை. பின்னால் போலீஸ் வண்டியின் வெளிச்சமும் இல்லை. மழை. மரம். மழை.

டக்.

மங்கையின் பெல்ட் கழன்றது. அவள் கை இரண்டும் மடியில்தான் இருந்தன.

“அம்மா, யாராச்சும் ஒருத்தர் இறங்கணுமாம். அப்பா இறங்கலைன்னா நான் இறங்கட்டுமா?”

அவள் பக்கத்துக் கதவின் பூட்டு தானாக மேலே எழும்பியது. ஓடுகிற வண்டியில் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. மழைச் சத்தம் உள்ளே பாய்ந்தது.

வைஜெயந்தி ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி வழுக்கி, வால் திருப்பி, நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

“இறங்குங்க,” என்றாள்.

“பைத்தியமா உனக்கு?”

“அவங்க உங்களைத்தான் கேக்குறாங்க. நீங்க செஞ்சதுக்கு நீங்க இறங்குங்க. என் பிள்ளைகளை விட்ருங்க அக்கா, உங்க கால்ல விழறேன், பிள்ளைகளை விட்ருங்க.”

தேவேந்திரன் அவளைப் பார்த்தான். பின்னால் பார்த்தான். உதட்டை நக்கிக்கொண்டான். அப்புறம் கையைப் பின்னால் நீட்டினான். மகளை இழுத்து அணைக்கத்தான் நீட்டுகிறான் என்று அவள் நினைத்தாள். அந்தக் கை மங்கையைத் தாண்டிப் போய், லேசாகத் திறந்திருந்த கதவைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டது.

“ரெண்டு நிமிஷம்,” என்றான், மெல்ல, கெஞ்சுகிற மாதிரி. “அவளாத்தானே இறங்குறேங்கிறா. போலீஸ் வண்டி பின்னாலதான் வருது. தூக்கிப்பாங்க. ரெண்டே ரெண்டு நிமிஷம்தான், வைஜி.”

அதோடு அவளுக்குள் எல்லாம் அறுந்துபோனது.

அவன் பெல்ட்டை அவள்தான் கழற்றினாள். அவன் பக்கத்துக் கதவை அவள் திறக்கவில்லை. அது திறந்தே இருந்தது. முதுகைத் தன் கதவில் ஊன்றிக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கி, அவன் விலாவில் வைத்துத் தள்ளினாள். இருந்த பலம் அத்தனையும் கொண்டு தள்ளினாள். அவன் ரோட்டில் விழுந்த சத்தம் மழையில் கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பின்கதவும். பூட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின.

அவள் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள். கியரைப் போட்டாள். ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.

அவன் எழுந்துவிட்டான். பின்னால் ஓடி வந்தான். டிக்கியில் அடித்தான். பக்கக் கண்ணாடியில் அவன் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

வைஜெயந்தியின் கை பாட்டுப் பெட்டிக்குப் போனது. சத்தத்தைக் கூட்டினாள்.

ஒரு வளைவு. அப்புறம் அவன் தெரியவில்லை.

*

எவ்வளவு தூரம் ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடியில் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. ஏதோ ஒரு திருப்பத்தில் முன்வண்டியின் சிவப்பு விளக்கு மறுபடி வந்தது. பின்னால் போலீஸ் வண்டியின் வெளிச்சமும் வந்தது. எப்போதும் அங்கேயே இருந்தது போல, அதே தூரத்தில், அதே வேகத்தில். அவர்கள் யாரும் ரோட்டில் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜிர்கடாங் கேட்டில் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. மழை தூறலாகிவிட்டது. பாட்டை அணைத்தாள். போலீஸ்காரர் ஒருவர் ரெயின்கோட்டோடு டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். உள்ளே போன ஆள் எத்தனை, வெளியே வந்த ஆள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அவள் கண்ணாடியை இறக்கினாள். என்ன சொல்வது? என் புருஷன் காட்டுக்குள் நிற்கிறார் என்றா?

“கித்னா ஆத்மி?” என்று ஆள் கணக்குக் கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் வெளிச்சத்தை உள்ளே விட்டு, விரல் நீட்டி எண்ணினார். முதலில் அவளை. “ஏக்.” மங்கையை. “தோ.” வெளிச்சம் நடுவில் போய் ஒரு கணம் நின்றது. “தீன்.” ஹரியை. “ச்சார். டீக் ஹை, ச்சார் ஆத்மி.”

நான்கு பேர் போனார்கள், நான்கு பேர் வந்திருக்கிறார்கள். கணக்குச் சரி.

போகத் திரும்பியவர் மறுபடி குனிந்தார். நடுவில் டார்ச்சைத் தாழ்த்தி, மடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். முகம் கனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“பேபி சோ ரஹா ஹை?”

பாப்பா தூங்குதா என்கிறார்.

“ஹா, அங்கிள்,” என்றாள் மங்கை ரகசியமாக, உதட்டில் விரலை வைத்து. “சத்தம் போடாதீங்க.”

கேட் மேலே எழுந்தது. வைஜெயந்தி கண்ணாடியை ஏற்றினாள். வண்டிக்குள் புளித்த வாடையோடு இப்போது பச்சைக் குழந்தையின் வாசனையும் இருந்தது. ஈரமான கை ஒன்று பின்னாலிருந்து வந்து, அக்கா தங்கச்சிகள் தொடுவார்களே அப்படி, அவள் தோளில் மெதுவாக அமர்ந்தது. அவள் திரும்பவில்லை. முதல் கியரைப் போட்டாள்.

“அம்மா,” என்றாள் மங்கை. “இலங்கைக்கு அப்பாவோட டிக்கெட்ல ஆன்ட்டி வர்றாங்களாம். பாப்பா மடியிலயே இருக்குமாம். ஆனா எங்க நிறுத்தச் சொன்னாலும் நீங்க நிறுத்தணுமாம்.”

“நிறுத்துறேன்,” என்றாள் வைஜெயந்தி.